கயிறு அவிழ்ந்த பிறகு



1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டி எங்கள் மாவட்டத்தில் சாதிக் கலவரம் வெடித்தது. அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தது. எங்கள் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. பெயர்ப்பலகை மாறியும் பள்ளிப் பையன்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இருக்கிறது. அதைப் பள்ளிகளில் தடுக்கச் சொல்லும் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் 2024 பரிந்துரையை மனமார வரவேற்கிறேன். ஆனால் அது பாதி வேலைதான். மீதி, பிள்ளைகளைச் சேர்ந்து உழைக்க வைப்பது.

1954இல் அமெரிக்காவில் உளவியலாளர் முசாபர் ஷெரிப், இரண்டு அணிகளாக மோதிக்கொண்ட சிறுவர்களைத் தடைபட்ட தண்ணீர் வரத்தைச் சேர்ந்து சரிசெய்வது போன்ற வேலைகளில் இறக்கினார். பகை மெல்லத் தணிந்தது. எங்கள் வேலையும் அப்படித்தான்: பட்டாசு ஆலையில் ஒருவர் கை தவறினால் பக்கத்தில் இருப்பவர் உயிரும் போகும். அங்கே சாதி பார்க்க முடியாது. அதுபோலப் பள்ளியில் கபடி அணியையும் தீத்தடுப்புப் பயிற்சிக் குழுவையும் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கலந்தே அமையுங்கள்.

– ஒரு பட்டாசுத் தொழிலாளி, திருத்தங்கல்