லிட்டருக்கு எவ்வளவு? எந்தக் கணக்கை நம்புவது?

புது கார் வாங்கியவரிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?’ என்பதுதான். விளம்பரத்தில் 20 கி.மீ என்று இருக்கும். டேஷ்போர்டு திரை 16 என்று காட்டும். பங்க்கில் கணக்குப் போட்டால் 15-தான் வரும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ ஓட்டுபவருக்கு 20-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம், வருடத்துக்கு 20,000 ரூபாய்! தவணையில் கார் வாங்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

கம்பெனி சொல்லும் மைலேஜ்

இது பொய்க் கணக்கு அல்ல, ஆய்வுக்கூடக் கணக்கு. பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள இந்தியச் சோதனையில், காரை உருளைகள் மேல் நிறுத்தி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். உச்ச வேகம் 90 கி.மீ. ஏ.சி போட மாட்டார்கள். புகையில் உள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோல் எவ்வளவு என்று கண்டுபிடிப்பார்கள். எல்லா கார்களுக்கும் ஒரே சோதனை என்பதால், இரண்டு மாடல்களை ஒப்பிட இந்த எண் உதவும். மாத பட்ஜெட் போட உதவாது.

டேஷ்போர்டு திரை

கார் பெட்ரோலை அளந்து பார்ப்பதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து கம்ப்யூட்டர் மதிப்பிடுகிறது. பல கார்களில் இது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆனால், எப்படி ஓட்டினால் மைலேஜ் ஏறுகிறது, இறங்குகிறது என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ள இதுவே வசதி.

ஃபுல் டேங்க் கணக்கு

டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். மறுபடி நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். பர்ஸுக்கு நெருக்கமான கணக்கு இதுதான். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டோ கட் எல்லா முறையும் ஒரே மட்டத்தில் நிற்காது. 150 கி.மீ ஓடி 10 லிட்டர் போடும்போது, ஒரு லிட்டர் முன்னே பின்னே போனால் மைலேஜ் 13.6 என்றும் வரும், 16.7 என்றும் வரும்!

இதற்கு வழி எளிது. நான்கைந்து முறை நிரப்பிய பிறகு, மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நடுவில் வந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். முதல் முறை, கடைசி முறை நிரப்பியதில் உள்ள பிழை மட்டுமே மிஞ்சும். முதல் முறை போட்ட லிட்டரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முடிந்தவரை ஒரே பங்க், ஒரே பம்ப். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். கழுத்து வரை நிரப்பச் சொல்லாதீர்கள். டயர் சைஸை மாற்றியிருந்தால் கிலோமீட்டர் கணக்கே தப்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கை மொபைலில் குறித்து வாருங்கள். வழக்கமான பாதையிலேயே 15 தந்த கார் திடீரென்று 12-க்கு இறங்கினால், டயரில் காற்று குறைந்திருக்கலாம். பிரேக் பிடித்தபடியே ஓடலாம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய நேரம் அது!