சின்ன அறைக்குப் பெரிய பெட்டி எதற்கு?

என் அண்ணன் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பெரம்பூரில் வாடகை வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அறையின் நீளம் 10 அடி, அகலமும் 10 அடி. அவன், அவன் மனைவி, ஒரு குழந்தை, என் தாயார் ஆக நாலு பேர் அதில் இருக்கிறார்கள்.

அவனுக்குப் பாட்டு என்றால் உயிர். இரண்டு வருடம் சீட்டுக் கட்டினான். சீட்டுப் பணம் கைக்கு வந்தது. நேரே கடைக்குப் போனான். மூன்றரை அடி உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டான்.

"சித்தப்பா! வந்து கேளுங்கள்!" என்று போன் செய்தான். போனேன்.

கதவு பாதிதான் திறந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டி நின்றது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, மூலையில் இன்னொரு பெட்டி. ஒருக்களித்து உள்ளே நுழைந்தேன். பாட்டைப் போட்டான்.

பாட்டா அது? "தும்... தும்..." என்று ஓர் உறுமல். பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. பீரோ மேல் இருந்த எவர்சில்வர் குடம் கடகட என்று ஆடியது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கீழ் வீட்டு அம்மாள் படி ஏறி வந்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு எல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"பாட்டி எங்கேடா?" என்று கேட்டேன்.

தாயார் சமையல்கட்டில் பாய் விரித்துப் படுத்து இருந்தார். "பத்து நாளாக இங்கேதான்" என்றார். அண்ணன் மருமகள் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சீட்டுப் பணத்தில் பாதி, குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு என்று அவள் நினைத்து இருந்தாள். அதைப் பிறகுதான் சொன்னாள்.

கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டு இருக்கலாம். "உங்கள் அறை எவ்வளவு பெரியது?" அவரும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர்தான் நல்லது. பணம் இல்லாதவர்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. கையில் பணம் இருந்தாலும் சின்னதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் உறுமியது?

ஒலி காற்றில் அலை அலையாகப் போகிறது. ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் ஓடும். கீச்சுக் குரலின் அலை மிகக் குட்டை. மிருதங்கத்தின் தொப்பியில் வருகிறதே, அது போன்ற கனத்த ஓசையின் அலை மிக நீளம். வினாடிக்கு 56 தடவை அதிரும் ஓசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓர் அலை ஏறத்தாழ 20 அடி நீளம் இருக்கும்.

அறையோ 10 அடிதான். சரியாகப் பாதி அலை சுவருக்குச் சுவர் பொருந்திவிடுகிறது. சுவரில் மோதித் திரும்பும் ஓசையும், பெட்டியில் இருந்து புதிதாக வரும் ஓசையும் ஒன்று சேருகின்றன. ஊஞ்சல் திரும்பி வரும்போது எல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடக்கிறது. மற்ற ஓசைகள் அடங்கிப்போய், அந்த ஓர் ஓசை மட்டும் கொழுக்கிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர அறையில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. பெட்டியை மூலையில் தள்ளினால் இன்னும் மோசம்.

பெரிய பெட்டியின் வேலையே இந்தக் கனத்த ஓசையை வாரிக் கொட்டுவதுதான். கல்யாண மண்டபத்தில் அது எடுபடும். 10 அடி அறையில் பாட்டைத் தின்றுவிடும்.

சப்வூஃபர் என்று தனியாக ஒரு பெட்டி விற்கிறார்கள். கனத்த ஓசைக்கு என்றே செய்தது. மாடிக் குடித்தனத்தில், மேலும் கீழும் பக்கத்திலும் ஆட்கள் இருக்கும் வீட்டில், அதை வாங்கவே கூடாது என்பேன். கனத்த ஓசை சுவரைத் தாண்டிப் போகும். அதைத் தடுக்கக் கதவும் போதாது, ஜன்னலும் போதாது.

பி.பி.சி. செய்த பெட்டி

"சின்னப் பெட்டியில் தரம் வருமா?" என்று கேட்பீர்கள்.

லண்டன் பி.பி.சி. ரேடியோ நிலையத்துக்கு இதே சங்கடம் வந்தது. வெளியூர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப அவர்கள் வேன்களில் போவார்கள். வேனுக்குள் உட்கார்ந்து, ஒலி சரியாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்கு அங்கே இடம் ஏது? அதற்காக 1970களில் பி.பி.சி. என்ஜினீயர்களே ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார்கள். பெயர் எல்.எஸ். 3/5ஏ. உயரம் சுமார் 12 அங்குலம். அகலம் ஏழரை அங்குலம். நம் வீட்டு அரிசி டப்பா அளவுதான்!

மிகவும் கனத்த ஓசை அதில் வராது. அது தெரிந்துதான் செய்தார்கள். மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்க வேண்டும். அதுவே அவர்களுக்கு முக்கியம். இன்றும் அந்தப் பழைய ஜோடிகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நமக்கு அதே பெட்டி வேண்டியது இல்லை. அந்தக் கணக்கு போதும். ஓர் அடி உயரம், உள்ளே 4 அல்லது 5 அங்குல வட்டம். இப்படிப்பட்ட ஜோடிகள் எல்லா விலையிலும் கிடைக்கின்றன. பெட்டியின் முதுகில் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால், சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாதவர்கள் ஓட்டை இல்லாத பெட்டி, அல்லது முன்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

1,000 வாட் வேண்டுமா?

பெட்டியின் அட்டையில் "1,000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டு இருப்பார்கள். பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று பொடி எழுத்து இருந்தால், அந்த எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண்தான் கணக்கு.

அதுகூட எவ்வளவு வேண்டும்? சாதாரணச் சின்ன ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் வரும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்கள் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75. ஆக, ஒரு வாட்டிலேயே காதுக்குப் போதுமானது வந்துவிடுகிறது. பாட்டில் திடீர் என்று தவில் முழங்கும் இடத்துக்கு எல்லாம் சேர்த்து, 20 அல்லது 30 வாட் தாராளம்.

சட்டமும் இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு. கீழ் வீட்டு நர்ஸ் அம்மாள் சட்டம் பேசவில்லை. பேசி இருந்தால் அவர் பக்கம் நியாயம் இருந்து இருக்கும்.

தரையில் உட்காருகிறவர்கள் நாம்

வாங்குவதை விட வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதற்குச் செலவே இல்லை.

இரண்டு பெட்டிக்கும் நடுவே 5 அடி. நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 5 அடி. முக்கோணம் போட்டது போல இருக்க வேண்டும். கீச்சு ஓசை வரும் சின்ன வட்டம் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு உயரம் சொல்லுகின்றன. நம் வீட்டில் பாயில் சம்மணம் போட்டு உட்காருகிறோம். அப்போது காது தரையில் இருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். ஒன்றே முக்கால் அடி முக்காலி இரண்டு போதும். சிலர் பெட்டிகளைப் பரண் மேல் ஏற்றிவிடுகிறார்கள். பாட்டு தலைக்கு மேல் போய்விடும்.

பின்னால் வயர் மாட்டும்போது, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால் குரல் நடுவில் நிற்காது, அங்கும் இங்கும் சிதறிப்போகும். நல்ல பெட்டியை இப்படி மாட்டிவிட்டுத் திட்டுகிறவர்களைப் பார்த்து இருக்கிறேன்.

சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஓசையைத் திருப்பி அடிக்கும். அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். "ணங்" என்று கேட்டால், தரையில் ஒரு ஜமக்காளம் விரியுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். சுவர் ஓரம் பஞ்சு மெத்தையைச் சுருட்டி வைத்தாலும் சரிதான்.

அண்ணன் மகன் என்ன செய்தான்? பெரிய பெட்டிகளை விற்றான். வாங்கிய விலையில் பாதிதான் கிடைத்தது. மனசு ஆறவில்லை அவனுக்கு. அதில் ஒரு பகுதியைக் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான். மீதியில் ஓர் அடி உயரத்தில் ஒரு ஜோடி வாங்கினான். முதுகில் ஓட்டை உள்ள பெட்டி. சுவரை ஒட்டித்தான் வைக்க முடிந்தது. அப்போதும் கொஞ்சம் உறுமியது. என்னைக் கேட்டான். ஓட்டையில் பழைய காலுறையைச் சுருட்டி அடைக்கச் சொன்னேன். அடங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவு முழுதும் திறந்தது. கீழ் வீட்டில் நர்ஸ் அம்மாள் தூங்கிக்கொண்டு இருந்தார். மேலே பாட்டு ஓடிக்கொண்டு இருந்தது. தாயார் சமையல்கட்டில் இருந்து பாயை எடுத்து வந்து, பழைய இடத்திலேயே போட்டு இருந்தார். "வீணை இந்தப் பக்கம் கேட்கிறது, புல்லாங்குழல் அந்தப் பக்கம் கேட்கிறது. அது எப்படிடா?" என்று பேரனைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.