அறுத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்

முகத்தின் வடிவை மாற்றிக்கொள்ளும் பொருட்டுத் தாடை எலும்பையும் கன்ன எலும்பையும் அறுத்துச் செதுக்கும் ரண சிகிச்சையை நாடி, சியோலுக்கும் பாங்காக்குக்கும் இஸ்தான்புல்லுக்கும் பிரயாணம் செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவிவருகிறது. அதற்கான விளம்பரங்கள் கைப்பேசித் திரை வழியாக மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் இளைஞர்களின் கண்ணெதிரிலும் நாள்தோறும் வந்து நிற்கின்றன. இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோயோ ஊனமோ இல்லாத எலும்பை அழகுக்காக அறுத்துக்கொள்ள அந்நிய தேசம் செல்வதை நாம் ஆதரிக்கவில்லை. அழகை விரும்புவது குற்றம் என்று நாம் கருதவில்லை; ஆனால் அறுத்த வைத்தியர் அடுத்த வாரமே நோயாளியின் கைக்கெட்டாத தூரத்தில் இருப்பார் என்ற ஒரு காரணமே இதை எதிர்ப்பதற்குப் போதும் என்று எண்ணுகிறோம்.

இந்த ஆசை கொண்டவர்களைப் பரிகாசம் செய்வது நம் நோக்கமன்று. எடுப்புப் பல் என்றும், தாடை பெருத்தவன் என்றும், கழுதை மூஞ்சி என்றும் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் பட்டப்பெயர் சூட்டப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த வார்த்தைகள் முப்பது வயதிலும் செவியில் ஒலிக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோன பின்பு, அந்த வீட்டுப் பெண் கண்ணாடியின் முன் நின்று தன் முகத்தில் எதைத் தேடுகிறாள் என்பதை அறிந்தவர் யாரும் அவளை வீண் ஆடம்பரக்காரி என்று சொல்லத் துணியமாட்டார். அப்படிப்பட்ட மனோவேதனையே தெற்காவணி மூல வீதியில் நகையை விற்கவும், புஞ்சையை அடகு வைக்கவும் ஒரு குடும்பத்தைத் தூண்டுகிறது. அந்த வேதனை மெய்யானது என்பதனாலேயே, அதை மூலதனமாக வைத்து நடைபெறும் வியாபாரத்தை நாம் கூர்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில், இந்தச் சிகிச்சை இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். முகப்பூச்சு பூசுவதைப் போலவோ, தோலில் ஊசி போடுவதைப் போலவோ சில மாதங்களில் மறைந்துபோகும் காரியமல்ல இது. மயக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் வாயின் உட்புறமாகக் கீறி, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அவற்றின் இருப்பிடத்திலிருந்து பிளந்தெடுத்து, வேண்டிய இடத்திற்கு நகர்த்தி, டைட்டானியம் தகடுகளாலும் திருகாணிகளாலும் மீண்டும் பொருத்துகிறார்கள். தாடையின் கோணங்களைச் சீவி, மோவாயை ஒடுக்கி, கன்ன எலும்பை ஒடித்து உட்புறம் தள்ளுவதும் இதன் வேறு வகைகள். கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடும் ஒரு நரம்புதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. அது நசுங்கினாலோ அறுபட்டாலோ உதடு மரத்துப்போகும். அந்த மரப்புச் சிலருக்குச் சில வாரங்களிலும், சிலருக்கு ஓராண்டுக்குப் பின்னும் நீங்கும். சிலருக்கு நீங்குவதே இல்லை. முகத்தின் ஆழத்திலுள்ள ரத்தக்குழாய் ஒன்று அறுபட்டால் ரத்தத்தை நிறுத்துவது எளிதன்று. வாயும் தொண்டையும் வீங்கினால் மூச்சு முட்டும். இவை ஒன்றும் நேராமல் எல்லாம் நல்லபடி முடிந்தாலும், எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை கஞ்சியும் கூழும்தான் ஆகாரம். பற்கள் சரிவரக் கடிக்கின்றனவா என்று வைத்தியர் அடிக்கடி பார்த்தாகவேண்டும். சீழ் பிடிப்பதும், தகடு தளர்வதும், எலும்பு கூடாமல் நிற்பதும் பெரும்பாலும் இந்த வாரங்களிலும் இதற்குப் பின்னுமே வெளிப்படுகின்றன. வெளிநாடு சென்றவரோ பத்துப் பதினைந்து நாளில் விமானமேறி ஊர் திரும்பியிருப்பார்.

சியோல் நகரில் 2016 செப்டம்பரில் நடந்ததை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். முகத்தின் கீழ்ப்பாகத்தை மெலிவாக்கும் எலும்புச் சிகிச்சைக்காக அந்நாட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் அந்நகரத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில் அனுமதிக்கப்பட்டார். ரத்தப்பெருக்கு நிற்காத நிலையில், சிகிச்சையைத் தொடங்கிய வைத்தியர் அவரை விட்டு வேறு அறைகளில் காத்திருந்த நோயாளிகளைக் கவனிக்கப் போனார். நெடுநேரம் அந்த இளைஞரின் தாடையை அழுத்திக்கொண்டிருந்தவர் ஓர் உதவியாளர். நினைவு திரும்பாமலே அம்மாணவர் ஏறக்குறைய ஏழு வாரங்கள் கிடந்து இறந்தார். அவருடைய தாயார் அறுவை அறையின் காமிராப் பதிவைப் பெற்று, பெற்ற மகன் ரத்தம் சிந்தும் காட்சியை நூற்றுக்கணக்கான முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எப்போது உள்ளே வந்தார், யார் எப்போது வெளியே போனார் என்று நிமிஷக் கணக்காகக் குறித்துக்கொண்டு நியாயஸ்தலத்தின் படியேறினார். ஐந்து ஆண்டுகள் போராடியபின் அந்த வைத்தியருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அறுவை அறைகளில் காமிரா வைக்கவேண்டும் என்ற சட்டம் 2021 ஆகஸ்டில் தென்கொரிய நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஆலோசனை சொல்பவர் ஒருவர், மயக்கமடைந்தபின் கத்தியெடுப்பவர் வேறொருவர் என்ற மோசடி அங்கே ‘பேய் வைத்தியம்’ என்று பெயர் பெறும் அளவுக்கு மலிந்திருந்ததும் இச்சட்டத்திற்கு ஒரு காரணம்.

அந்தத் தாயார் அந்நாட்டுப் பிரஜை; அந்த மொழியைப் பேசுபவர்; அந்த நகரத்து நியாயஸ்தலத்திற்குத் தம் வீட்டிலிருந்தே போய்வரக் கூடியவர். அத்தகையவருக்கே ஐந்து ஆண்டுகள் ஆயின. வாடிப்பட்டியிலிருந்தோ சோழவந்தானிலிருந்தோ மகனையோ மகளையோ அனுப்பிவைத்த தாய், மதுரையிலிருந்து நேர் விமானம்கூட இல்லாத ஒரு நகரத்தில், விசாவின் கெடு முடிவதற்குள், தமக்குத் தெரியாத மொழியில் யாரிடம் எந்த ஆவணத்தைக் கேட்பார்?

இங்கே நிலைமை வேறு. வைத்தியர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. அதை உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் மாற்றி, கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் அச்சட்டத்திற்கு உட்பட்டதே என்று தீர்மானித்தது. ஒரு சிகிச்சைக்கு நோயாளி தந்த சம்மதம் இன்னொரு சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது என்று அதே நீதிமன்றம் 2008-இல் வரையறுத்தது. ஆகவே மதுரையில் சிகிச்சை பெற்றவர், தவறு நேர்ந்தால், இவ்வூரிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். இவ்வழிகள் தாமதமானவை, களைப்பூட்டுபவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வழி என்று ஒன்று இருக்கிறது. அந்நிய தேசத்தில் நடந்த அறுவைக்கு இக்கதவுகளால் அநேகமாகப் பயனில்லை.

இடையில் நிற்கும் ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் கடுமையானது. நம் தென்மாவட்டங்களுக்கு ஏஜெண்டு என்பவர் புதியவரல்லர். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன ஒவ்வொரு குடும்பமும் அவரை அறியும். அவரிடம் ஏமாந்த குடும்பங்களும் அநேகம். அந்த அனுபவத்தின் பயனாக, 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசாங்கத்தில் பதிவு செய்து, பிணைத்தொகை கட்டியாகவேண்டும். ஆனால் அச்சட்டத்தின் கவலை வேலைக்குப் போகிறவனைப் பற்றியது. சிகிச்சைக்குப் போகிறவனை அது கருதவில்லை. கட்டடம் கட்டப் போகும் கொத்தனாரை அனுப்புபவருக்கு உரிமம் வேண்டும் என்றும், தாடை எலும்பை அறுத்துக்கொள்ளப் போகும் பெண்ணை அனுப்புபவருக்கு ஒரு பலகையும் கைப்பேசி எண்ணும் போதும் என்றும் இருக்கும் நிலை எந்த நியாயத்திற்கும் பொருந்தாது. நோயாளியை அனுப்பியதற்காகத் தரகு வாங்கும் வைத்தியர், 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி குற்றவாளி. வைத்தியரல்லாத தரகரையோ அந்த விதி தொடுவதில்லை. வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அவர் பெறும் தொகை நோயாளியின் கட்டணத்திலேயே ஒளிந்திருக்கிறது. உனக்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை என்று சொல்வதற்கு அந்த வரிசையில் நிற்பவர்களில் ஒருவருக்கும் லாபமில்லை.

முகத்தைச் சீரமைக்கும் இந்தக் கலை எதற்காகப் பிறந்தது என்பதையும் சிறிது நினைக்கவேண்டும். மூக்கின் அருமையை நம் ஊரைப்போல் அறிந்த ஊர் மற்றொன்று இருக்கக்கூடுமா என்பது ஐயமே. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர்க் கண்டீரவ நரசராசரின் சேனை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, அகப்பட்ட ஆடவர் பெண்டிர் குழந்தைகளின் மூக்கை அறுத்து மூட்டை மூட்டையாக அனுப்பியதையும், சேதுபதி ரகுநாதரின் படை வந்து அதைத் துரத்தியதையும், பின்னர் மதுரைச் சேனையும் மைசூர்ச் சீமைக்குள் புகுந்து அதே கொடுமையைச் செய்ததையும் அக்காலத்துப் பாதிரிமார்களின் கடிதங்கள் சொல்லுகின்றன. அப்படி முகம் சிதைக்கப்பட்டவர்களுக்காகவே நம் தேசத்தில் மூக்கைத் திரும்ப உண்டாக்கும் வைத்தியம் சுசுருதர் காலந்தொட்டு வழங்கிவந்தது. திப்புவின் வீரர்களிடம் பிடிபட்டு மூக்கிழந்த வண்டிக்காரர் ஒருவருக்கு, நெற்றித் தோலைக்கொண்டு புது மூக்கு அமைத்த செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகையில் வெளியாயிற்று. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-இல் அங்கே அதைச் செய்துகாட்டினார். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக ஹரால்டு கில்லீஸ் என்ற வைத்தியர் இக்கலையை வளர்த்தார். கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை 1957-இல் ஒப்வெகேசர் என்ற வைத்தியர் வெளியிட்டதும், கடிக்கவும் மெல்லவும் இயலாதபடி தாடை கோணியவர்களுக்காகவே.

கோணிய தாடையால் உணவை மெல்ல முடியாதவருக்கும், பின்வாங்கிய தாடையால் உறக்கத்தில் மூச்சடைப்பவருக்கும் இதே சிகிச்சை பெரும் உபகாரம். தேவைக்கும் ஆசைக்கும் நடுவிலுள்ள கோடு எப்போதும் தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். தெளிவாக இல்லாத அந்த இடத்தில் முடிவு சொல்ல வேண்டியவர், அறுப்பதால் வருமானம் பெறாத ஒரு வைத்தியராக இருக்கவேண்டும் என்பதே நம் வாதத்தின் உயிர்நிலை. தன் முகத்தின் ஓர் உறுப்பைப் பற்றியே இரவும் பகலும் நினைந்து நைகிற மனநோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகள் அறுவைக்குப் பின்னும் திருப்தி அடைவது அரிது என்று மனநல வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு சிகிச்சை. மேலும், முக வடிவைப் பற்றிய நாகரிகம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. ஒடுங்கிய மோவாய் இன்று உயர்வாகத் தோன்றினால், அகன்ற தாடை நாளை உயர்வாகத் தோன்றும். செதுக்கி எறிந்த எலும்பு முளைக்காது.

உள்நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவும் நமக்கு வாயில்லை. சென்னையில் 2016 மே மாதம் தலைமுடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்ததும், 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் உடல் எடையைக் குறைக்கும் அறுவைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்ததும் தமிழ்நாட்டையே கலங்கவைத்த செய்திகள். சிகிச்சை நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்டும், அதற்கான விதிகள் வருவதற்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. கொழும்பிலிருந்து விமானமேறி நம் ஊருக்கு வைத்தியத்திற்கு வருகிறவர்களுக்கும், அந்நிய தேசத்து வைத்தியரிடம் நாம் எதிர்பார்க்கும் அதே பொறுப்பை நாம் உடையவர்கள்.

ஆயினும் முக எலும்புச் சிகிச்சை மெய்யாகவே தேவைப்படுகிறவர்கள் இந்த மதுரைச் சமவெளியில் வேறு இடத்தில் இருக்கிறார்கள். தலைக்கவசமில்லாமல் நான்குவழிச் சாலையில் விழுந்து கன்னமும் தாடையும் நொறுங்கிய வாலிபர்களையும், சிறு வயதில் மோவாய் அடிபட விழுந்து, தாடை மூட்டு எலும்போடு எலும்பாகக் கூடிப்போனதால் வாயைத் திறக்கவும் முடியாமல் முகமும் வளராமல் நிற்கும் குழந்தைகளையும், பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவர்களையும் சொல்லுகிறோம். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசாங்கமே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது மிகவும் நல்ல காரியம். ஆனால் நொறுங்கிய முகத்தைப் பழைய முகமாக்கும் வேலை 48 மணி நேரத்தில் முடிவதன்று. அதற்கு மாதங்களும், சிலருக்கு இரண்டு மூன்று அறுவைகளும் வேண்டும்.

ஆகையால் நாம் கேட்பது இதுதான். நோயாளிகளை வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அனுப்பும் தரகர் ஒவ்வொருவரும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்து, தாம் பெறும் தரகு இன்னதென்று நோயாளிக்கு எழுத்தில் தரவேண்டும். அறுக்கப்போகிறவரின் பெயரும் தகுதியும் புறப்படுவதற்கு முன்பே அந்தத் தாளில் இருக்கவேண்டும். அத்துடன், நம் பெரியாஸ்பத்திரியாகிய அரசு ராஜாஜி மருத்துவமனையில், முகச் சீரமைப்பு வைத்தியர், தாடை அறுவை வைத்தியர், மனநல வைத்தியர் மூவரும் வாரத்தில் ஒரு நாள் கூடியிருந்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடு வேண்டும். முகத்தைப் பற்றிய குறை உள்ளவர் எவரும் அங்கே கட்டணமின்றி வந்து, தமக்கு உள்ளது நோயா அன்றா என்று கேட்டறிந்து போகலாம். சிகிச்சை தேவையானவரை அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். யார் சொல்லியும் கேளாமல் போய், மரத்த உதட்டோடும் சீழ் வைத்த தாடையோடும் திரும்பி வருகிறவரையும், அங்கே செய்துகொண்டதற்கு இங்கே ஏன் வந்தாய் என்று கடியாமல் அந்த மூவரே ஏற்றுக்கொள்ளவேண்டும். இந்த ஆலோசனை நாளைத் தொடங்கப் புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ தேவையில்லை; சுகாதாரத் துறையின் ஓர் உத்தரவே போதும்.