சென்னை டு டெல்லி... வீட்டுச் சாமான்களைக் குறைந்த செலவில் அனுப்புவது எப்படி?

வெளிமாநிலத்தில் வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்காது. 'இவ்வளவு சாமானையும் எப்படிக் கொண்டுபோறது?' என்ற கவலை வந்துவிடும். அவசரத்தில் மொத்தத்தையும் ஒரே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் ஒப்படைப்பவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுமையாகச் சாமான்களைப் பிரித்தாலே செலவு நன்றாகக் குறையும்.

எதை விட்டுச் செல்லலாம்?

கட்டில், பீரோ, பழைய வாஷிங்மெஷின் ஆகியவைதான் லாரியில் இடத்தை அடைப்பவை. போகிற ஊரில் அவற்றை செகண்ட் ஹேண்டில் வாங்க எவ்வளவு ஆகும், அனுப்பக் கூலி எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். கூலி அதிகமென்றால் இங்கேயே விற்றுவிடுங்கள். ஆனால் வெட் கிரைண்டர், இட்லிப் பானை போன்றவை வடக்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. கனமாக இருந்தாலும் அவற்றை எடுத்துச் செல்லலாம்.

டிக்கெட்டோடு இலவசம்

ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி வகுப்புகளில் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி-யில் 50 கிலோ வரை லக்கேஜ் இலவசம். துணி, பாத்திரங்களை இதிலேயே கொண்டுபோகலாம். அதற்கு மேல் இருந்தால், ஸ்டேஷனில் முன்கூட்டியே புக் செய்து அதே ரயிலின் லக்கேஜ் வேனில் ஏற்றலாம்.

பைக்குக்கு ரயில் பார்சல்

பார்சல் ஆபீஸுக்கு ஆர்.சி புக் நகல், அடையாள அட்டையுடன் செல்ல வேண்டும். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. சாக்கு சுற்றி நன்றாகக் கட்டி, இரு ஊர் முகவரியையும் எழுதுங்கள். பொருளின் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்கான கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்தாலும் எடைக்கு ஏற்ற சிறு தொகைதான் இழப்பீடாகக் கிடைக்கும். போய்ச் சேர்ந்ததும் சீக்கிரம் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் ஓட்டினால், இங்குள்ள ஆர்.டி.ஓ-விடம் என்.ஓ.சி வாங்கி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சாலை வரியும் கட்ட வேண்டிவரும். பழைய பைக் என்றால் விற்பதே லாபமாக இருக்கலாம்.

மீதிக்கு லாரி சர்வீஸ்

தனி லாரி பிடிக்க வேண்டியதில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து, எடைக்கு மட்டும் வாடகை கொடுத்து அனுப்பலாம். நாள் கூடுதலாகும், செலவு குறையும். வீட்டுக்கே வருமா, குடோனில் போய் எடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். எல்.ஆர் ரசீதை பத்திரமாக வையுங்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் 'சொந்த உபயோகப் பொருட்கள்' என்று பட்டியல் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது.

பேக்கர்ஸ்தான் வசதி என்றால்...

குறைந்த தொகை சொல்லி ஏற்றிவிட்டு, இறக்கும்போது கூடுதலாகக் கேட்டு சாமானைப் பிடித்துவைக்கும் மோசடி நடக்கிறது. பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கான கூலி, ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகத் தர வேண்டாம். ஏற்றும் முன் ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுங்கள்.

எந்த வழியில் அனுப்பினாலும் நகை, சர்ட்டிஃபிகேட், வீட்டுப் பத்திரம் மட்டும் உங்கள் கைப்பையிலேயே வரட்டும்!