பர்ஹி நடலாம்... தென்னையை வெட்டிவிட்டு அல்ல!

ஜூன் பிறந்துவிட்டால் சென்னை தி.நகர் பாண்டி பஜாரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாறு கடைத்தெருவிலும் தள்ளுவண்டிகளில் மஞ்சள் நிறச் சரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் நின்று, "இது காயா, பழமா?" என்று கேட்பார்கள். "பழம்தாம்மா, அப்படியே கடிச்சுச் சாப்பிடலாம்" என்று ஒன்றைப் பிய்த்துக் கையில் கொடுப்பார் வியாபாரி. மொறுமொறுவென்று, துவர்ப்பே இல்லாமல், கரும்பைக் கடித்ததுபோல் இருக்கும். அதுதான் பர்ஹி பேரீச்சை.

சென்னைக்கு வந்துபோகும் விவசாயிகள் பலர் அந்த வண்டியில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும் எனக்கு போன் செய்கிறார்கள். அண்மையில் பேசிய ஒரு தென்னை விவசாயி கேட்டது இது: "வெள்ளை ஈ வந்து தோப்பே கருத்துப் போச்சு சார். மரம் ஏற ஆளும் இல்லை. அஞ்சு ஏக்கர்ல ரெண்டு ஏக்கரை வெட்டிட்டு பர்ஹி வைக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். பர்ஹி நல்ல பயிர். நம் மாநிலத்தின் வறண்ட பகுதிகளுக்குப் பொருந்தக்கூடியது. ஆனால் அதற்காகக் காய்க்கிற தென்னையை வெட்டாதீர்கள். இருக்கிற பணம் முழுவதையும் ஒரே ஆண்டில் அதில் போடாதீர்கள்.

பர்ஹியின் பலம் எது?

பர்ஹியின் தாயகம் இராக்கின் பாஸ்ரா பகுதி. அங்கிருந்து 1913-ல் பால் போப்பினோ என்பவர் இதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். பேரீச்சை காய் பச்சையாக இருந்து, மஞ்சள் அல்லது சிவப்பாகி, பிறகு கனிந்து, கடைசியில் உலரும். பெரும்பாலான ரகங்களை மஞ்சள் பருவத்தில் வாயில் வைக்க முடியாது, துவர்க்கும். பர்ஹியில் அந்தப் பருவத்திலேயே துவர்ப்பு போய் இனிப்பு ஏறிவிடுகிறது. இந்த ஒரு குணம்தான் நமக்கு வாய்ப்பைத் தருகிறது.

காரணம் மழை. பேரீச்சை மரத்திலேயே கனிந்து உலர வேண்டுமானால் கடைசி இரண்டு மாதம் வெயில் காய வேண்டும். அந்த நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், புளிக்கும், உதிரும். நம் ஊரில் பாளை ஜனவரி, பிப்ரவரியில் வெடிக்கிறது. ஜூன், ஜூலையில் காய் மஞ்சளாகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மழை வலுப்பது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களுக்குப் பெரிய மழையே வடகிழக்குப் பருவத்தில்தான். அதாவது, மஞ்சள் பருவத்திலேயே அறுத்துவிட்டால் மழைக்கு முன்னால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். உலர்ந்த பேரீச்சை செய்து விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அதை நம்பாதீர்கள். அந்த வேலைக்கு அரபு நாட்டு வெயில் வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. தருமபுரி மாவட்டம் அரியாகுளத்தில் பல ஆண்டுகளாகப் பேரீச்சைத் தோட்டம் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் மஞ்சள், சிவப்புப் பருவத்திலேயே அறுத்து விற்கும் 'காரெக்' தலைமுறை தலைமுறையாக நடக்கும் தொழில். கட்ச் காரெக்குக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கன்றில்தான் முதல் ஆபத்து

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும். மீதிப் பெண் மரங்களும் தாய் மரத்தின் பழத்தைத் தராது. எது ஆண், எது பெண் என்பது பூ வந்த பிறகுதான் தெரியும். அதற்கு நான்கைந்து ஆண்டு ஆகும். பர்ஹி மரம் பக்கக்கன்றும் குறைவாகவே விடும். அதனால் திசு வளர்ப்புக் கன்றை விட்டால் நமக்கு வேறு வழி இல்லை. அதன் விலை ஒன்று சில ஆயிரம் ரூபாய்.

வரிசைக்கு வரிசை, மரத்துக்கு மரம் 8 மீட்டர் விட்டால் ஏக்கருக்கு 63 கன்று பிடிக்கும். கன்றுக்கு மட்டுமே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டலாம். இவ்வளவு கொடுத்தும் திசு வளர்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது சில கன்றுகளில் மரபு மாற்றம் நேர்ந்துவிடும். பர்ஹியில் இது வெளிநாடுகளிலேயே பதிவாகியுள்ளது: மரம் குட்டையாக நின்றுவிடும், அல்லது மரம் செழிப்பாக வளரும், பாளையும் தள்ளும், ஆனால் மகரந்தம் ஏற்காமல் கொட்டை இல்லாத சின்னச் சின்னக் காய்கள் மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நான் போய்ப் பார்த்த ஒரு தோட்டத்தில் இரண்டு வரிசை முழுக்க அப்படித்தான் இருந்தது. ஐந்து ஆண்டு தண்ணீர் விட்டு வளர்த்தவர் அந்தக் குலைகளை எனக்குக் காட்டினார். "மருந்து ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார். மருந்து இல்லை. கன்று விற்றவரிடம் கேட்டதற்கு, "நீங்க மகரந்தம் சரியா வைக்கலை" என்று பதில் வந்திருக்கிறது. அவர் கையில் இருந்த ரசீதில் 'பேரீச்சை கன்று' என்று மட்டும் எழுதியிருந்தது. ரகம் இல்லை, ஆய்வகத்தின் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

நாற்றங்காலில் கன்றைப் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ரசீதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ரகம், திசு வளர்ப்பு செய்த ஆய்வகம், தொகுதி எண், ரகம் மாறியிருந்தால் மாற்றுக் கன்று அல்லது இழப்பீடு தரும் உறுதி ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் எல்லாக் கன்றையும் வாங்காமல் இரண்டு இடத்தில் பிரித்து வாங்குங்கள். சிறகு பிரிந்த இலை வந்த, வெயிலுக்குப் பழக்கப்படுத்திய கன்றாக இருக்கட்டும்.

தென்னந்தோப்பும் கூன்வண்டும்

தென்னையை வெட்டிவிட்டு நடுவதை நான் தடுப்பதற்குக் காரணம் வருமானம் மட்டும் அல்ல. தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டும் காண்டாமிருக வண்டும் பேரீச்சையையும் தாக்கும். கூன்வண்டு நம் பகுதியின் பூச்சி. 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்து, இன்று உலகம் முழுவதும் பேரீச்சையின் முதல் எதிரியாக இருப்பது இதுதான்.

வெட்டிய தென்னையின் அடிக்கட்டையையும் தண்டையும் தோப்பிலேயே அழுக விட்டால், அங்கே வண்டுகள் பெருகும். அதன் நடுவே இளம் பர்ஹி கன்றை நட்டால், வண்டைக் கூப்பிட்டு உட்கார வைத்ததுபோல் ஆகும். கூன்வண்டு மட்டை வெட்டிய காயத்தில் முட்டையிடும். புழு உள்ளேயே குடைந்து போகும். தண்டில் துளை, அதிலிருந்து வழியும் பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் இவை கண்ணில் படும்போது பாதி மரம் போயிருக்கும். பக்கத்தில் தென்னை உள்ளவர்கள் பச்சை மட்டையை வெட்டிக் காயம் ஏற்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவது, மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து இடுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என்று தென்னையில் செய்யும் எல்லா வேலையும் இங்கும் உண்டு.

தண்ணீர், ஆள் இரண்டும் வேண்டும்

'பாலைவனப் பயிர், தண்ணீரே வேண்டாம்' என்று சொல்லி விற்கிறார்கள். இது தவறு. பேரீச்சை வறட்சியையும் உப்பையும் தாங்கி உயிர் வாழும். காய்க்க வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல்கூடத் தேவைப்படலாம். ஏக்கருக்கு 12,000 லிட்டர் என்று கணக்கு வைத்து, ஏப்ரல், மே மாதத்தில் உங்கள் போர்வெல் அதைத் தருமா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் உள்ள கிணற்றுக்காரர்களுக்கு இது மற்றப் பழப்பயிர்களைவிடக் கை கொடுக்கும் என்பது உண்மை.

அடுத்தது மகரந்தம். காற்றையும் தேனீயையும் நம்ப முடியாது. கையால்தான் செய்ய வேண்டும். பெண் பாளை வெடித்த இரண்டு மூன்று நாளுக்குள் ஆண் பூச்சரத்தில் இரண்டு மூன்றைப் பெண் சரங்களின் நடுவே தலைகீழாகச் செருகி, தளர்வாகக் கட்டிவிட வேண்டும். பாளைகள் ஒரே நாளில் வெடிக்காது. நான்கைந்து வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொரு மரமாகப் பார்க்க வேண்டும். 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் வீதம் வையுங்கள். ஆண் பூ முந்திக்கொண்டால் மகரந்தத்தை உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்தலாம்.

முதல் சில ஆண்டுகளில் தரையில் நின்றே இதைச் செய்துவிடலாம். மரம் உயர்ந்த பிறகு ஏணி வேண்டும், ஆள் வேண்டும். மரம் ஏற ஆள் இல்லை என்பதற்காகத் தென்னையை விடுபவர், அதைவிட அதிகமாக ஏற வேண்டிய மரத்தை நடுகிறோம் என்பதை யோசிக்க வேண்டாமா?

விற்பனை சில வாரம்தான்

மஞ்சள் பருவப் பழம் வெளியில் சில நாள்தான் தாங்கும். அதன் பிறகு கனிந்து, நிறம் மாறி, விலை இறங்கும். குளிர்பதனத்தில் வைத்தால் சில வாரம் தாங்கும். மரத்துக்கு 50 கிலோ என்று வைத்தாலும் ஏக்கருக்குச் சுமார் 3 டன் வரும். ஒரு வட்டாரத்தில் 100 ஏக்கர் நட்டால், ஏறத்தாழ 300 டன் அதே சில வாரத்தில் கோயம்பேட்டில் இறங்கும். தக்காளியைச் சாலையில் கொட்டிய நமக்கு அப்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஈமு கோழியில் கொங்கு மண்டலம் பட்ட பாட்டையும் மறந்துவிடக் கூடாது. அங்கே முதலில் லாபம் பார்த்தது குஞ்சு விற்றவர்கள். இங்கேயும் இன்றைக்குப் பணம் பார்ப்பது கன்று விற்பவர்கள்தான்.

தி.நகர் வண்டியில் எழுதியிருக்கும் விலை உங்கள் விலை அல்ல. சரக்கு வண்டி வாடகை, கமிஷன், கழிவு எல்லாம் போக வயலில் என்ன கிடைக்கும் என்று, நடுவதற்கு முன்பே சீசனில் ஒருமுறை கோயம்பேட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

பையூரிலும் அருப்புக்கோட்டையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. இரண்டும் வறண்ட பகுதியில் இருப்பவை. அங்கே பர்ஹியையும் மற்ற ரகங்களையும் அருகருகே நட்டு, விவசாயிகள் நேரில் பார்க்க வைக்க வேண்டும். திசு வளர்ப்புப் பேரீச்சை கன்றுக்கு ஆய்வக முத்திரையும், ரகம் மாறினால் இழப்பீடும் கட்டாயமாக வேண்டும். மானியம் தருவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். முத்திரை இல்லாத கன்றுக்குத் தரும் மானியம் விற்பவருக்குத்தான் போய்ச் சேரும்.

விரிவாக்கப் பணியில் உள்ள நண்பர்களே, உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே பர்ஹி நட்டவர்களின் பட்டியலை எடுங்கள். எந்தக் கன்று காய்த்தது, எது காய்க்கவில்லை என்பதை எழுதி வையுங்கள். அடுத்து நடப்போகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவலை நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தர முடியாது.

அந்தத் தென்னை விவசாயிக்கு நான் சொன்னது இதுதான்: "வரப்பு ஓரத்திலோ, சும்மா கிடக்கும் மேட்டு நிலத்திலோ 15 கன்று வையுங்கள். அதில் ஒன்று ஆண். முதல் மூன்று ஆண்டு நடுவில் உளுந்தோ நிலக்கடலையோ போடுங்கள். இரண்டு முறை காய்த்து, நீங்களே விற்றுப் பார்த்த பிறகு இன்னும் ஒரு ஏக்கர் யோசிக்கலாம். அதுவரை தென்னை நிற்கட்டும்." கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனை வைத்தார். மறுவாரம் மறுபடி கூப்பிட்டு, "15 கன்றுக்கு ரசீதுல என்னென்ன எழுதணும்னு சொல்லுங்க சார், குறிச்சுக்கிறேன்" என்றார்.