முதல் படி இல்லாத ஏணி

தேர்தல் நெருங்கினால் எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் சுவர் ஒன்றும் காலியாக இருக்காது. ஆளாளுக்கு "நாளைய அமைச்சர்". அவர் நேற்று ஊருக்கு என்ன செய்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ராஜாஜியின் பொதுவாழ்வு டெல்லியில் தொடங்கவில்லை. சேலத்து வக்கீலான அவர் 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். குடிநீர், சாக்கடை, வரிபாக்கி என்று ஜனங்கள் நேரில் வந்து முறையிடும் நாற்காலி அது. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1948-ல் கவர்னர் ஜெனரல்.

அவருக்குத் துதி பாட இதை எழுதவில்லை. 1952-ல் அதே மனிதர், மக்களிடம் ஓட்டுக் கேட்காமல், மேல்சபை நியமனம் பெற்று முதலமைச்சரானார். எனக்கு அது பிடித்த வழி அல்ல. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் 1954-ல் பதவி விலகினார். ஓட்டுக்காக வீதி வீதியாக நடந்திருந்தால் ஜனங்களின் மனது முன்பே தெரிந்திருக்கும்.

இன்றோ அந்த முதல் படியையே கழற்றிவிட்டார்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். சேலம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். காலமெல்லாம் கோப்போடு வாழ்ந்த குமாஸ்தா சொல்கிறேன்: அதிகாரி மேலிடத்துக்குப் பதில் சொல்வார், தெருவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரான்சில் சின்னக் கிராமத்துக்கும் ஒரு 'மேர்' உண்டு என்று சிறுவயதிலேயே படித்தோம். அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்! நடுவில் 38 வருஷம்.

ஏன் எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை? வார்டில் நல்ல பெயர் எடுப்பவன் நாளைக்கு எம்.எல்.ஏ. சீட்டுக்குப் போட்டியாக வந்து நிற்பான். அவ்வளவுதான் ரகசியம்.

கும்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறவரிடம் நம் வயதுக்காரர்கள் கூச்சமில்லாமல் இரண்டு கேள்வி கேட்கலாம். உங்கள் வார்டுக்கு என்ன செய்தீர்கள்? ஜெயித்தால் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?

பேனா நம்மிடம் இருக்கிறது. நீட்டிப் பார்ப்போம்.