கோபுரமற்ற கோவில்கள்

தெய்வத்துக்கு ஆலயம் எடுக்க விரும்பும் குடிகளிடம் ஓர் அரசன், “தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஊருக்கு வெளியே கட்டுங்கள், கல்லைத் தொடாதீர்கள், கோபுரம் எழுப்பாதீர்கள்” என்று சொன்னால், அதை அனுமதி என்பதா, மறுப்பு என்பதா? கார்ப்பாத்திய மலைநாட்டில், இன்று ஸ்லோவாக்கியா என வழங்கும் தேசத்தில், பிராடெஸ்டண்டு கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தது இத்தகைய அனுமதியே.

அக்காலத்தில் அந்நாடு ஹங்கேரி ராஜ்யத்தில் அடங்கியிருந்தது. அதை ஆண்ட ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தி முதலாம் லியோபோல்டு கத்தோலிக்கர். பிராடெஸ்டண்டுகளின் ஆலயங்கள் பறிக்கப்பட்டன, கலகமும் மூண்டது. முடிவில், 1681-ஆம் ஆண்டு ஷோப்ரோன் நகரில் கூடிய சபை, சில ஜில்லாக்களில் இரண்டிரண்டு ஆலயங்கள் மட்டும் எழுப்பிக்கொள்ள இடமளித்தது. ‘ஆர்ட்டிகிள்’ என்னும் சட்ட ஷரத்தினால் பிறந்தமையின் அவற்றுக்கு ‘ஆர்ட்டிகுலர்’ ஆலயங்கள் என்ற பெயர் நிலைத்தது.

மரக்கட்டடம் நெடுநாள் நில்லாது என்று அதிகாரிகள் எண்ணினர் போலும். மலைத்தச்சர்கள் அக்கணக்கைப் பொய்யாக்கினர். கெஷ்மரோக் நகரத்தார் 1717-இல் சிலுவை வடிவில் எழுப்பிய ஆலயத்தில் சுமார் 1,500 பேர் அமரலாம். வெளிச்சுவர் களிமண் பூசிய எளிய சுவர். உள்ளே நுழைந்தால், வானமே இறங்கி வந்தாற்போல் வர்ணந் தீட்டிய மரவிதானம்! 1726-இல் எழுந்த ஹ்ரோன்செக் ஆலயத்திலோ மணிக்கூண்டு கோவிலைத் தீண்டாமல் பக்கத்தில் தனியே நிற்கிறது. தலைமேல் கோபுரம் தாங்கக் கூடாதென்றால், மணியோசை வேறு வழியில் மலைச்சாரலை எட்டாதா என்ன?

1781-இல் இரண்டாம் ஜோசப் வெளியிட்ட சமய சகிப்பு ஆணைக்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அப்பொழுதும் ஜனங்கள் பழைய மரக்கோவில்களை எல்லாம் இடித்துவிடவில்லை. கெஷ்மரோக், ஹ்ரோன்செக், லெஷ்தினி ஆகிய மூன்றும் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன.

கற்கோவில் சில காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மரக்கோவிலுக்கோ மழை, புழு, தீ மூன்றும் ஓயாத பகை. கூரையின் மரஓடுகளை அவ்வப்போது மாற்றாவிடில், ஒரே தலைமுறையின் அசிரத்தை போதும், முன்னோர் உழைப்பனைத்தும் மண்ணாகிவிடும். பலுட்சா கிராமத்தில் 1774-இல் எழுந்த பெரிய மரஆலயத்துக்கு வேறொரு சோதனை நேர்ந்தது. லிப்டோவ்ஸ்கா மாரா அணையின் நீர் அக்கிராமத்தை விழுங்க வந்தது. சமயத்தில் பற்றில்லாத கம்யூனிஸ்டு அரசாங்கம் நடந்த காலம் அது. எனினும் ஆலயத்தை நீருக்கு விட்டுவிடாமல், 1974 முதல் 1982 வரை பாடுபட்டு, ஸ்வாத்தி கிரீஷ் என்னும் ஊரருகே மீண்டும் நிறுவினர்.

ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யம் 1918-இல் மறைந்தது. அது நில்லாதென்று எண்ணிய மரம் இன்னும் நிற்கிறது. மரத்துக்கு அத்தனை வலிமை ஏது? ஓடு மாற்ற ஏணி ஏறிய கைகளின் வலிமையல்லவா அது!